பார்வையாளர் கூட்டத்துக்கு நடுவே ஒரு தனிமை

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவின் கடைசி வீட்டு மொட்டைமாடியில், இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு வட்ட விளக்கு எரியும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர், பணி முடிந்து வந்து, உடை மாற்றிக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் நின்று அரை நிமிடக் காணொளிகளை எடுப்பார். விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர். இன்ஸ்டாகிராமில் அவரைப் பின்தொடர்வோர் சில ஆயிரம் பேர். சென்ற மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டு, நான்கு நாள்கள் விளக்கு எரியவில்லை. என் மனைவி ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு போனார். “நாலு நாளா ஏன் வீடியோ போடலைன்னு எத்தனையோ பேர் கேட்டிருக்காங்கக்கா. கதவத் தட்டினது நீங்க மட்டும்தான்” என்றாராம் அந்தப் பெண்.

அதைக் கேட்டதும் சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ‘ஸ்வெட்’ என்னும் போலந்து நாட்டுப் படம் நினைவுக்கு வந்தது. அதே வாரத்தில் அதை மீண்டும் ஒருமுறை பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது, அது நமக்கு வெகுதூரத்தில் உள்ள ஒரு பணக்கார நகரத்தின் கதை என்று எண்ணியிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ண முடியவில்லை.

வார்சாவில் மூன்று நாள்கள்

‘ஸ்வெட்’ என்றால் வியர்வை. ஸ்வீடனில் பிறந்து, போலந்தின் புகழ்பெற்ற வூட்ஜ் திரைப்படப் பள்ளியில் பயின்று, அந்த நாட்டிலேயே படங்களை எடுத்துவரும் மாக்னஸ் ஃபான் ஹார்ன் இயக்கிய படம் அது. பெருந்தொற்றால் 2020இல் கான் திரைப்பட விழா வழக்கம்போல நடைபெறவில்லை. ஆயினும் விழாக் குழு வெளியிட்ட அதிகாரபூர்வத் தேர்வுப் பட்டியலில் அப்படம் இடம்பெற்றது.

கதைநாயகி சில்வியா வார்சாவில் வாழும் உடற்பயிற்சிப் பயிற்றுநர். சமூக ஊடகத்தில் அவரை ஆறு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். படத்தின் தொடக்கத்தில் ஒரு வணிக வளாகத்தில் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே பயிற்சி அளிக்கிறார். வியர்த்த உடல்களைக் கட்டி அணைக்கிறார். பிறகு தன் அடுக்ககத்துக்குத் திரும்புகிறார். அங்கே அவருக்காகக் காத்திருப்பது ஒரு நாய்க்குட்டிதான். நிறுவனங்கள் அனுப்பிய பொருள்களைப் பிரித்து, கைபேசியின் முன் புன்னகையுடன் அறிமுகம் செய்கிறார். பதிவு முடிந்ததும் புன்னகையும் முடிந்துவிடுகிறது.

தனக்கென ஒரு துணை இல்லை என்று அழுதபடி அவர் வெளியிட்ட ஒரு காணொளிதான் கதையின் முடிச்சு. விளம்பரம் தரும் நிறுவனத்துக்கு அந்தக் கண்ணீர் பிடிக்கவில்லை. ரசிகர்களில் பலர் உருகுகிறார்கள். பழைய அறிமுகம் ஒருத்தி எதிர்ப்பட்டு, தன் கரு கலைந்த துயரத்தை அவரிடம் கொட்டி அழுகிறாள். தாயின் பிறந்தநாள் விருந்திலோ அவரது வேலையின் பொருள் யாருக்கும் புரிவதில்லை. இதற்கிடையில் வீட்டு வாசலில் காரில் அமர்ந்தபடி ஒருவன் அவரை அருவருப்பாகக் கண்காணிக்கிறான். பின்னர் அவனும் தனிமையில் உழலும் மனிதன்தான் என்று தெரிகிறது. திரையின் இரு பக்கமும் ஒரே நோய்தான் என்பதை வசனத்தால் சொல்லாமல் காட்சியால் உணர்த்துகிறார் இயக்குநர்.

இறுதியில் ஒரு காலைநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்த அழுகைக் காணொளி குறித்துக் கேட்கிறார்கள். பலவீனமாக இருப்பதற்கான உரிமையைத் தன்னிடமிருந்து பறிக்க வேண்டாம் என்கிற பொருளில் சில்வியா பேசுகிறார். உடனே உடற்பயிற்சி தொடங்குகிறது. முகத்தில் மீண்டும் புன்னகை. மாக்தலெனா கொலெஷ்னிக் என்னும் நடிகை அந்தப் புன்னகையில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் வைத்துவிடுகிறார்.

ஒன்றுமே நடக்காத படங்கள்

எண்பதுகளின் இறுதியில் மாலை வேளைகளில் அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலைப் பிடித்து, பிரெஞ்சு, ஜெர்மன் பண்பாட்டு மையங்களுக்குப் படம் பார்க்கப் போவேன். வீட்டிலும் அலுவலகத்திலும் இதைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. “ஒண்ணுமே நடக்காத படத்துக்கு இவ்வளவு தூரம் போகணுமா?” என்பார்கள். 2003 முதல் சென்னையில் சர்வதேசத் திரைப்பட விழா நடந்துவருகிறது. இன்று கைபேசியிலேயே உலகப் படங்கள் கிடைக்கின்றன. ஆனாலும் அந்தக் கேள்வி மாறவில்லை.

அந்தப் படங்களில் நடப்பது என்ன என்பதற்கு இப்போது என்னிடம் ஒரு விடை இருக்கிறது. அரை நிமிடக் காணொளி எங்கே முடிகிறதோ, அங்கே அந்தப் படங்கள் தொடங்குகின்றன. நடனம் முடிந்து, விளக்கு அணைந்து, ஒப்பனையைத் துடைக்கும்போது அந்த மனிதர் யார் என்று கேமரா காத்திருந்து பார்க்கிறது. காணொளியில் வெட்டி எறியப்படும் பகுதிதான் அங்கே கதை. பார்வையாளரிடம் அது கேட்பது பொறுமையை. ‘இவரைப் பற்றி உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதே, இன்னும் கொஞ்சம் பார்’ என்கிறது. சமூக ஊடகம் நம்மிடம் கேட்பது நேர் எதிரானதை: உடனே சொல், இப்போதே சொல், அடுத்ததற்கு நகர்.

இந்த இரண்டு வகைப் பார்வைகளுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் கலை ரசனை சார்ந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஓர் உயிரைப் பற்றிய விஷயமும்கூட என்பதை எங்கள் பகுதியிலேயே நடந்த ஒரு நிகழ்வு உணர்த்தியது.

திருமுல்லைவாயிலில் நடந்தது

அம்பத்தூருக்கு அடுத்த ரயில் நிலையம் திருமுல்லைவாயில். 2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. அங்குள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கைக்குழந்தை மேல்தளத்துப் பலகணியிலிருந்து தவறி, கீழ்த்தளத்தின் மேல் நீட்டப்பட்டிருந்த கூரைத் தகட்டில் விழுந்து, விளிம்பில் தொங்கும் நிலையில் கிடந்தது. குடியிருப்புவாசிகள் கீழே போர்வையை விரித்துப் பிடித்தனர். சிலர் சன்னல் வழியே வெளியே ஏறி, உயிரைப் பணயம் வைத்துக் குழந்தையை மீட்டனர். எதிர்க் கட்டடத்திலிருந்து ஒருவர் எடுத்த காணொளி அன்றைக்கே நாடு முழுவதும் பரவியது.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. நானும் அதை இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன். ‘நல்லவேளை, குழந்தை பிழைத்தது’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். சிறிது நேரத்தில் ஒருவர், ‘பெற்றவளுக்கு அப்படி என்ன வேலை?’ என்று எழுதினார். அடுத்தவர் அதைவிடக் கடுமையாக எழுதினார். நான் அதைப் படித்தேன். மறுத்து எதுவும் எழுதவில்லை. கைபேசியை வைத்துவிட்டு உணவருந்தப் போனேன்.

எங்கள் குழுவில் நடந்ததே ஆயிரக்கணக்கான குழுக்களிலும் யூடியூப் பின்னூட்டங்களிலும் நடந்தது. தாய்மைக்குத் தகுதியற்றவர் என்று முன்பின் அறியாதவர்கள் தீர்ப்பு எழுதினார்கள். குழந்தை ஒரு தந்தையின் கையிலிருந்து நழுவியிருந்தால் இதே சொற்கள் வந்திருக்குமா என்பது தனிக் கேள்வி. மூன்று வாரங்கள் கழித்து, தன் பெற்றோர் வீட்டில் இருந்த அந்தத் தாய் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மன அழுத்தத்துக்கு ஆளாகிச் சிகிச்சை பெற்றுவந்தார் என்று செய்திகள் கூறின.

ஒரு தற்கொலைக்கு ஒற்றைக் காரணத்தைக் கற்பிப்பது தவறு. மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார்கள். அந்தப் பெண்ணின் மனத்துக்குள் என்ன நடந்தது என்று நாம் அறிய மாட்டோம். ஆனால், வாழ்வின் மிகக் கொடிய சில நிமிடங்களைக் கடந்துவந்த ஒருவருக்கு, அடுத்த மூன்று வாரங்களில் நாம் கொடுத்தது என்ன என்பதை மட்டும் நாம் நன்றாகவே அறிவோம்.

கேட்காமலே வரும் புகழ்

சில்வியா புகழைத் தேடிப் போனவர், அதற்காக உழைத்தவர், அதிலிருந்து வருமானம் ஈட்டியவர். திருமுல்லைவாயில் தாய் எதையும் தேடவில்லை. புகழ் இன்று வாசற்கதவைத் தட்டி அனுமதி கேட்டு வருவதில்லை. எதிர்வீட்டுச் சன்னலில் ஒரு கைபேசி இருந்தால் போதும். யாரும் ஒரு நாளைக்குப் பிரபலம் ஆகிவிடலாம்.

இதை 1960லேயே ஒரு இத்தாலியத் திரைப்படம் காட்டியது. ஃபெடரிகோ ஃபெலினியின் ‘லா டோல்ச்சே வீட்டா’ படத்தில் வரும் பாப்பராஸோ என்னும் புகைப்படக்காரரின் பெயரிலிருந்துதான், பிரபலங்களைத் துரத்தும் படக்காரர்களுக்கு ‘பாப்பராசி’ என்னும் பெயர் உலகெங்கும் வழங்கலாயிற்று. அப்படத்தின் ஒரு காட்சியை என்னால் மறக்க முடிந்ததில்லை. ஒரு பெண் பேருந்திலிருந்து இறங்கி வீட்டை நோக்கி வருகிறாள். வீட்டில் அவளுடைய கணவனும் இரு குழந்தைகளும் இறந்து கிடக்கிறார்கள், அவளுக்குத் தெரியாது. புகைப்படக்காரர்களுக்குத் தெரியும். அவளைச் சூழ்ந்துகொண்டு படம் எடுக்கிறார்கள். அவளோ, தன்னை ஏதோ நடிகை என்று தவறாக நினைத்துவிட்டார்களோ என்று திகைத்துச் சிரிக்கிறாள்.

ஊரே அவளைப் பார்க்கிறது. அவளிடம் உண்மையைச் சொல்லி அவளது தோளைத் தாங்க அந்தப் புகைப்படக்காரர்களில் ஒருவர்கூட முன்வரவில்லை. பார்க்கப்படுவது வேறு, துணை பெறுவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை. அன்று அந்தப் புகைப்படக்காரர்கள் ஏழெட்டுப் பேர். அது அவர்களின் தொழில். இன்று அந்தக் கேமரா நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

இரவல் பெற்ற வெளிச்சம்

தேடிப் பெற்ற புகழும் நிலையானதன்று. டிக்டாக் செயலி தமிழகச் சிற்றூர்களுக்குள் நுழைந்தபோது அது தந்த உற்சாகத்தை நாம் பார்த்தோம். சினிமா வாய்ப்பு என்பதைக் கனவிலும் எண்ணியிராத இல்லத்தரசிகள், கட்டடத் தொழிலாளர்கள், முதியவர்கள் ஆகியோருக்கு முதன்முறையாக ஒரு மேடை கிடைத்தது. சாதியும் வர்க்கமும் மறுத்த கவனத்தை அந்தச் செயலி அவர்களுக்குக் கொடுத்தது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்குத் தடை விதிக்க உத்தரவிட்டு, அதே மாதத்தில் அத்தடையை நீக்கியது. 2020 ஜூன் 29 அன்று, எல்லைப் பதற்றத்துக்கு நடுவே, மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தபோது டிக்டாக்கும் அவற்றுள் ஒன்றாகியது. லட்சக்கணக்கில் ரசிகர்களை வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் யாருமற்றவர் ஆனார்கள். அந்த ரசிகர்கள் அவர்களுடையவர்கள் அல்லர்; நிறுவனத்தின் கணக்கேட்டில் இருந்த எண்கள். அது வரை அடித்த வெளிச்சம் இரவல் வெளிச்சம்.

இந்தத் தனிமை தனிமனிதக் குறைபாடு அன்று. அந்தத் தொழிலின் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சந்தையில் விற்பனைப் பொருள் நெருக்கம்தான். ‘ஹாய் ஃப்ரெண்ட்ஸ்’ என்று தொடங்கி, சமையலறையையும் படுக்கையறையையும் பிள்ளையின் பிறந்தநாளையும் காட்டினால்தான் பார்வைகள் கூடும். வீட்டில் எஞ்சியிருக்க வேண்டிய கடைசி அந்தரங்கமும் சரக்காகிவிட்டால், துயரம் வரும்போது ஒதுங்கிக்கொள்ள ஓர் உள்ளறை மிஞ்சுவதில்லை. அழுதாலும் அது இன்னொரு காணொளி ஆகிவிடுகிறது.

உலக அளவிலும் இது வெறும் மனக்குறையாகப் பார்க்கப்படவில்லை. பிரிட்டன் 2018இல் தனிமைப் பிரச்சினைக்கென்றே ஓர் அமைச்சரைப் பொறுப்பாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அமைத்த சமூகத் தொடர்புக்கான ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. ஆண்டுக்குச் சுமார் 8.7 லட்சம் மரணங்களைத் தனிமையோடு தொடர்புபடுத்துகிறது. மனிதர்களை இணைக்கும் கருவிகள் இத்தனை மலிந்த ஒரு காலத்தின் கணக்கு இது.

என்ன செய்யலாம்?

சட்டத்தால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. இணையத்தில் புண்படுத்தும் பேச்சைத் தண்டிக்க இருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, அது தெளிவற்றது, கருத்துரிமைக்கு எதிரானது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2015இல் நீக்கியது; அந்தத் தீர்ப்பு சரியானது. பின்னூட்டம் எழுதுபவர்களை எல்லாம் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தை மீண்டும் காவல் துறையிடம் கொடுப்பது தீர்வாகாது. 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. ஆகவே, அண்டை வீட்டாரின் கைபேசி பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியேதான் நிற்கும்.

ஆனால், நிறுவனங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. இன்று ஒரு காணொளிக்குக் கீழே பின்னூட்டத்தை நிறுத்தும் பொத்தான் அதை வெளியிட்டவரிடம்தான் இருக்கிறது. காணொளியில் இருப்பவரிடம் இல்லை. பொதுவாழ்வில் இல்லாத ஒரு குடிமகனோ குடிமகளோ விபத்திலும் துயரத்திலும் படம் பிடிக்கப்பட்டு, அது லட்சக்கணக்கானோரைச் சென்றடையும்போது, அவர் ஒரு முறையீடு செய்தால் பின்னூட்டங்கள் நிறுத்தப்படவும் முகம் மறைக்கப்படவும் வழி வேண்டும். இதைக் கோருவது கருத்துரிமைக்கு எதிரானதாகாது. தவறிழைத்த அமைச்சரையோ அதிகாரியையோ விமர்சிக்கும் உரிமையோடு, தவித்து நிற்கும் தாயை ஏசும் பழக்கத்தை யாரும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

ஊடகங்களுக்கும் இதில் பங்குண்டு. தற்கொலைச் செய்திகளை எப்படி வெளியிட வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019இல் வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய கட்டத்துக்கும், அதாவது ஒரு சாமானியர் திடீரென்று செய்தியாகிவிடும் அந்த முதல் நாளுக்கும், அதேபோன்ற கட்டுப்பாடு தேவை. மீட்புக் காட்சியைக் காட்டலாம். தாயின் பெயரும் முகமும் வீடும் எதற்கு? அந்தக் குடும்பத்துக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக ஓர் ஆலோசகரை உடனே அனுப்பிவைக்கலாம். தீ விபத்துக்குத் தீயணைப்பு வண்டி போவதைப் போல இதுவும் வழக்கமாக வேண்டும்.

எஞ்சியது நம் பங்கு. அந்த ஏப்ரல் ஞாயிறு குறித்து நினைக்கும்போதெல்லாம், ஒரே இடத்தில் இருந்த மூன்று வகைக் கைகள் என் கண்முன் வருகின்றன. சன்னலுக்கு வெளியே நீண்டு குழந்தையைப் பற்றிய கைகள். கீழே போர்வையை விரித்துப் பிடித்த கைகள். பிறகு, தொலைவில் பத்திரமாக அமர்ந்துகொண்டு திரையில் தட்டச்சு செய்த கைகள். முதல் இரண்டு வகையினரும் அந்தத் தாயைக் குறை சொன்னதாக எந்தச் செய்தியிலும் நான் படிக்கவில்லை. அருகில் இருந்தவர்கள் காப்பாற்றினார்கள். தொலைவில் இருந்தவர்கள் தீர்ப்பளித்தார்கள். என் கைகள் மூன்றாவது வகையோடு இருந்தன என்பதை இந்தப் பத்தியில் நான் பதிவுசெய்ய வேண்டும். நான் வசைமொழி எழுதவில்லை. ஆனால் அனுப்பினேன், பிறகு மௌனமாக இருந்தேன்.

ஆக்னஸ் வர்தா இயக்கிய ‘க்ளியோ: ஐந்து முதல் ஏழு வரை’ என்னும் 1962ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படத்தின் நாயகியும் ஒரு பிரபலம்தான், பாடகி. மருத்துவப் பரிசோதனை முடிவுக்காக அச்சத்துடன் காத்திருக்கிறாள். படத்தின் முதல் பாதியில் எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். அவள் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாள். பாதியில் பொய்க்கூந்தலைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கிறாள். பிறரைப் பார்க்கத் தொடங்குகிறாள். பூங்காவில் சந்திக்கும் ஒரு போர்வீரனோடு பேசுகிறாள். நோய் நீங்கிவிடவில்லை, ஆனால் அச்சம் குறைகிறது. பக்கத்தில் ஒருவர் நடந்துவருகிறார், அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ என்பதை எந்தச் செயலியாலும் தர முடியாது. எங்கள் தெரு மொட்டைமாடியில் இப்போது மீண்டும் வட்ட விளக்கு எரிகிறது. அந்தப் பெண் காணொளி எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவருக்கு அந்த அரை நிமிடம் ஒரு நிமிர்வு. என் மனைவி மட்டும், இரண்டு இரவுகள் தொடர்ந்து விளக்கு எரியவில்லை என்றால், மூன்றாம் நாள் காலையில் போய்க் கதவைத் தட்டிவிட்டு வருகிறார். கடந்த மாதம் ஒருமுறை நானும் உடன் போனேன். மின்கம்பி பழுதுதான் காரணம் என்று சொல்லிச் சிரித்தார் அந்தப் பெண்.

(தற்கொலை எதற்கும் தீர்வாகாது. மன உளைச்சலால் தவிப்பவர்கள் தமிழ்நாடு அரசின் 104 அல்லது டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் உதவி பெறலாம்.)